இசட்-ஸ்டாண்டர்டு 1.5.7: பேட்ச் கட்டுவது சுகம், ஒட்டுவதுதான் வம்பு

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் பக்கத்து டீம் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, பிஎஸ்டிஃப்பை விட்டுட்டு இசட்-ஸ்டாண்டர்டுக்கு மாறிடலாமா? 1.5.7ல பேட்ச் பண்றது செம ஸ்பீடாமே?" பழைய பதிப்புக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு சின்ன ஃபைலாகக் கட்டுவதுதான் பேட்ச், அதைப் பழையதோடு சேர்த்துப் புதியதை உண்டாக்குவது ஒட்டுவது. பிஎஸ்டிஃப் (bsdiff) அதற்கென்றே உள்ள கருவி, இசட்-ஸ்டாண்டர்டு (zstd) அடிப்படையில் ஃபைல் சுருக்கும் கருவி. ஸ்பீடுதான், அதை யாரும் மறுக்க முடியாது. "மாறிடலாமா" என்பதற்குத்தான் ஒரு வரியில் பதில் இல்லை.

இசட்-ஸ்டாண்டர்டில் பேட்ச் கட்டும் பேட்ச்-ஃப்ரம் (--patch-from) ஆப்ஷன் 2020ல் 1.4.5 பதிப்பில் வந்தது. பழைய ஃபைலை அகராதியாக வைத்துக்கொண்டு புது ஃபைலைச் சுருக்குவதுதான் மொத்த வித்தையும். 2025 பிப்ரவரியில் வந்த 1.5.7, உயர்ந்த லெவல்களில் (எவ்வளவு கசக்கிச் சுருக்குவது என்ற எண்) இந்த வேலையின் வேகத்தை நன்றாகவே கூட்டியிருக்கிறது, பேட்ச் அளவையும் குறைத்திருக்கிறது. முன்பெல்லாம் லெவல் 19 கொடுத்தால், பழைய ஃபைல் முழுவதையும் அட்டவணைப்படுத்தி முடிக்கும்வரை திரையில் ஒன்றும் அசையாது. பில்டு தொங்கிவிட்டது என்று நினைத்து யாராவது கன்ட்ரோல்-சி அடித்துவிடுவார்கள். அந்தக் காத்திருப்பு இப்போது பெருமளவு போய்விட்டது. இரவு ஜாப்பில் கடைசி ஒரு பதிப்புக்கு மட்டும் பேட்ச் கட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது கடைசி நான்கைந்து பதிப்புகளுக்கும் தனித்தனியாகக் கட்டலாம்.

இன்னொரு மாற்றம், இந்தக் கட்டளை இப்போது தானாகவே பல த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் இணை வேலைகளில்) ஓடும். மெஷினைப் பொறுத்து அதிகபட்சம் 4. ஒரே பில்டு சர்வரில் பத்து ஜாப் ஓடும் இடத்தில் லோடு எகிறினால், த்ரெட் எண்ணிக்கையை 1 என்று கொடுத்துவிடுங்கள். எத்தனை த்ரெட் ஓடினாலும் வெளிவரும் பேட்ச் ஒன்றேதான், ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) மாறாது. சிங்கிள்-த்ரெட் ஆப்ஷன் மட்டும் வேறு சமாச்சாரம். லெவல் 15 வரை அது பேட்சைக் கொஞ்சம் சிறிதாக்கும், அதற்கு மேல் போனால் பெரிதாக்கும். 19ல் இன்னும் கசக்க வேண்டுமென்றால் டார்கெட்-லெங்த் (targetLength) என்ற அமைப்பை 4096 என்று வைத்துப் பாருங்கள். புதிதாக வந்த 'மேக்ஸ்' ஆப்ஷன் இதுவரை உச்ச லெவலாக இருந்த அல்ட்ரா 22-ஐயும் தாண்டிப் போகும். மெமரி தின்னும், நேரமும் தின்னும். வருடத்துக்கு ஒரு தடவை வெளியிடும் பெரிய பேக்கேஜுக்கு வேண்டுமானால் சரி.

இத்தனையிலும் மனசுக்குப் பிடித்த விஷயம், பில்டு சர்வரை மட்டும் மேம்படுத்தினால் போதும் என்பதுதான். ஃபார்மட் மாறவில்லை. 1.5.7 கட்டிய பேட்சை 1.4.8 வைத்திருக்கும் உபுண்டு 22.04 மெஷின் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஒட்டும். 20.04ல் இருப்பது 1.4.4, அதில் இந்த ஆப்ஷனே கிடையாது. சர்வரில் உபுண்டு 24.04 என்றால் ஆப்ட் கொடுப்பது 1.5.5தான். சோர்ஸிலிருந்து மேக் அடித்துக்கொள்ளுங்கள், சில நிமிட வேலை.

இனி வம்புக்கு வருவோம்.

பெங்களூருவின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு பட்டறையில் இருக்கும் கன்ட்ரோல் பேனலை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பேக்கேஜ் 180 எம்பி, புதியது 190 எம்பி. பேட்ச் சில எம்பிதான், சிம் டேட்டாவில் அழகாக இறங்கிவிட்டது. ஒட்டும்போது 'டிகோடிங் எரர் 36', விண்டோ (விரிக்கும்போது மெமரியில் வைத்திருக்க வேண்டிய பகுதி) அளவு வரம்பைத் தாண்டிவிட்டதாம், லாங் (--long) அல்லது மெமரி (--memory) ஆப்ஷனைக் கூட்டு என்கிறது. பேட்ச் கெட்டுப்போகவில்லை, பழைய ஃபைலும் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன்?

கட்டும் பக்கம், பழையது புதியது இரண்டின் அளவையும் பார்த்துத்தான் வரம்பை வைக்கிறது. ஒட்டும் பக்கத்துக்குக் கையில் இருப்பது பழைய ஃபைல் மட்டும். எனவே வழக்கமான 128 எம்பி, பழைய ஃபைலின் அளவு, இரண்டில் எது பெரிதோ அதையே மெமரி வரம்பாக எடுத்துக்கொள்கிறது. பேட்சின் தலைப்பிலோ புது ஃபைலின் முழு அளவும் விண்டோவாக எழுதப்பட்டிருக்கும். 190 என்பது 180ஐ விடப் பெரிது, கதவு சாத்தப்பட்டது. இதில் எரிச்சலூட்டுவது, சோதனையில் இது மாட்டவே மாட்டாது என்பதுதான். 90 எம்பி பேக்கேஜை வைத்துச் சோதித்தால் 128க்குள் அடங்கிவிடும். பெரிய பேக்கேஜில் ரோல்பேக் சோதித்தாலும் ஓடும், ஏனென்றால் அங்கே போய்ச் சேரும் ஃபைல் சிறியது. மேலே போகும்போது மட்டும் விழும். எந்த சாஃப்ட்வேர்தான் பதிப்புக்குப் பதிப்பு இளைத்திருக்கிறது?

தீர்வு என்னவோ ஒரு சொல்தான். ஒட்டும் ஸ்கிரிப்டில் எப்போதுமே லாங்=31 (இரண்டின் 31ஆம் அடுக்கு, அதாவது 2 ஜிபி வரம்பு) சேர்த்துவிடுங்கள். 32-பிட் ஆர்ம் பேனல் என்றால் 30. இது வரம்பை மட்டுமே உயர்த்தும், 2 ஜிபியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளாது. மெமரி எவ்வளவு போகும் என்பதைப் பேட்சுதான் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய புது ஃபைல் அளவுக்கு ஒரு பஃபர், அதன் மேல் பழைய ஃபைல். இந்த உதாரணத்தில் 370 எம்பி. 512 எம்பி ராம் இருக்கும் பேனலில் மற்ற சர்வீஸ்களையும் ஓடவிட்டு இதைச் செய்தால், பாதியில் கர்னலே (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அந்த வேலையைக் கொன்றுவிடும். முதலில் சர்வீஸை நிறுத்துங்கள், அல்லது பேக்கேஜை இரண்டு மூன்று டாராகப் (பல ஃபைல்களைச் சேர்த்துக் கட்டிய tar மூட்டை) பிரித்துத் தனித்தனியாகப் பேட்ச் கட்டுங்கள். 2 ஜிபிக்கு மேல் போன ஃபைலுக்குப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது, கட்டும்போதே மறுத்துவிடும்.

இரண்டாவது குறை, பேட்சுக்குத் தன் தாய் யாரென்று தெரியாது. எந்தப் பழைய ஃபைலை வைத்துக் கட்டினோம் என்ற அடையாளம் உள்ளே எங்கும் இல்லை. பேக்கேஜின் 4.2 பதிப்பை வைத்துக் கட்டியதை 4.1 பதிப்பின் மேல் ஒட்டச் சொன்னாலும் மும்முரமாக ஆரம்பித்துவிடும். பிறகு எங்கோ நடுவில் 'டேட்டா கெட்டுவிட்டது' என்றோ, எல்லாம் முடிந்தபின் 'செக்சம் பொருந்தவில்லை' என்றோ சொல்லும். தப்பான ஃபைல் கைக்கு வராது என்பது நிம்மதி. ஆனால் எதனால் தப்பு என்று அந்தச் செய்தியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே பேட்சுடன் ஒரு சின்ன மேனிஃபெஸ்ட் அனுப்புங்கள். பழையது, பேட்ச், புதியது என மூன்றின் ஷா-256 ஹாஷும் அதில் இருக்கட்டும். முதல் ஹாஷ் சரியில்லையென்றால் பேட்சை இறக்கவே வேண்டாம், முழுப் பேக்கேஜுக்குப் போய்விடலாம். களத்தில் முதல் ஹாஷ் பொருந்தாததற்கு வழக்கமான காரணம், சர்வீஸ் ஆள் ஐபி முகவரியை மாற்றப் பேக்கேஜுக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலிலேயே கை வைத்திருப்பதுதான். கான்ஃபிக்கை வெளியே வையுங்கள்.

ஒட்டும்போது கரண்ட் போவதையும் பீன்யாவில் கணக்கில் எடுத்தாக வேண்டும். புது ஃபைலை வேறு பெயரில் எழுதி, மூன்றாவது ஹாஷைப் பார்த்து, சிங்க் கொடுத்து (டிஸ்க்கில் நிஜமாகவே எழுதி முடிக்கச் சொல்லி), அதன்பிறகே பெயர் மாற்றுங்கள். பழையது, புதியது, பேட்ச் மூன்றுக்கும் ஒரே பார்ட்டிஷனில் இடம் வேண்டும்.

"பேட்ச் பெரிசா வருது" என்ற புகாருக்கு முக்கால்வாசி நேரம் கருவி பொறுப்பில்லை. உள்ளே போவது ஏற்கெனவே சுருக்கிய ஜிப்போ ஜாரோ என்றால், உள்ளே ஒரு ஃபைலில் ஒரு வரி மாறினாலும் அந்த ஃபைலின் சுருக்கிய பைட்டுகள் பெரும்பாலும் மாறிவிடும். சுருக்காத டாராகக் கொடுங்கள். பேட்ச்-ஃப்ரம் ஃபோல்டரை நேரடியாக எடுக்காது, எப்படியும் டார் போட்டே ஆக வேண்டும். அதில் ஃபைல்களைப் பெயர் வரிசைப்படி அடுக்கி, எம்-டைமை (ஃபைல் கடைசியாக மாறிய நேரம்) 0 ஆக்கி, ஓனர், குரூப் இரண்டையும் 0 ஆக்குங்கள். டாரைப் பைப் வழியாக உள்ளே விடுவதென்றால் ஸ்ட்ரீம்-சைஸ் ஆப்ஷனில் அளவைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நின்றுவிடும்.

பிஎஸ்டிஃப் இன்னும் ஜெயிக்கும் இடம் கம்பைல் ஆன எக்ஸிக்யூட்டபிள். ஒரு ஃபங்ஷனில் நாலு பைட் கூடினால், அதற்குப் பின்னால் உள்ள முகவரிகள் வரிசையாக நகரும். ஃபைல் முழுக்க ஆங்காங்கே ஓரிரு பைட் வித்தியாசம். பிஎஸ்டிஃப் ஏறக்குறைய ஒத்துப்போகும் பகுதிகளைப் பைட்டுக்குப் பைட் கழித்து வைக்கிறது. அதில் பெரும்பாலும் சுழியம்தான் மிஞ்சும், அது பயன்படுத்தும் சுருக்கும் கருவி பிஜிப்2 (bzip2) அதைத் தூசாக்கிவிடும். இசட்-ஸ்டாண்டர்டுக்கு அச்சு அசலாகப் பொருந்தினால்தான் கணக்கு. நடுவில் ஒரு பைட் மாறினாலும் அந்தப் பொருத்தம் முறிந்துவிடும், அடுத்த துண்டை மறுபடி தேட வேண்டும். ஆனால் பிஎஸ்டிஃப் பேட்ச் கட்டப் பழைய ஃபைலைப் போல 17 மடங்கு மெமரி கேட்கும். 180 எம்பிக்கு 3 ஜிபி. பெரிய பேக்கேஜுக்கு அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

கட்டும் பக்கத்துக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை, தயங்காமல் போடுவேன். மொத்தத்துக்கு என்றால், அந்த எரர் 36க்காகவே இந்த வாரம் இரண்டுதான். ஒட்டும் கட்டளை பேட்சின் தலைப்பைப் படித்து அளவைத் தானே தெரிந்துகொள்ளலாம், அதிலேயே எழுதியிருக்கிறது. திட்டும்போதே அந்த விண்டோவை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சரியாகச் சொல்கிறதே!

தம்பி, உங்களுடையது 12 எம்பி எக்ஸிக்யூட்டபிள் ஒன்றே ஒன்று. பிஎஸ்டிஃப்புக்குக் கட்ட 204 எம்பி ராம் போதும், பேட்சும் அதில்தான் சிறிதாக வரும். மாற வேண்டாம். 300 எம்பி டார் வைத்திருக்கும் உங்கள் பக்கத்து சீட்காரரை மாறச் சொல்லுங்கள், லாங்=31ஐயும் கையோடு சொல்லிவிடுங்கள்.