மஞ்சக்குப்பம் லேப்டாப் சர்வீஸ் கடை: அப்டேட்டில் சிக்கிய கணினியை ஃபார்மட் செய்யாமலே மீட்டுத் தந்தார்கள்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து சிறிது தூரம் தள்ளி, ஒரு குறுக்குத் தெருவின் முதல் மாடியில் இருக்கும் இந்தக் கடையில் கடந்த 2025 நவம்பரில் என் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் இரண்டு நாள் கிடந்த கணினி அது. ஃபார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று இன்னொரு இடத்தில் கைவிடப்பட்ட பிறகு, இவர்கள் அதை மீட்டுக் கொடுத்தார்கள். எப்படி மீட்டார்கள் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் தவிக்கும் ஒருவருக்கு, எந்தக் கடையில் கொடுத்தாலும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

நான் தேவனாம்பட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே பதினான்கு சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எல்லாமே டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. அக்டோபர் மாத விற்பனைக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தை நவம்பர் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தேதி தவறினால், வாங்குபவர்களுக்காக ஜி.எஸ்.டி. தளத்தில் 14ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் என் வாடிக்கையாளர்களின் பில்கள் இடம்பெறா; அவர்களிடம் சரக்கு வாங்கியவர்களுக்கு அந்த மாத உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்காது. என் கணினி நின்றால் அதன் பாதிப்பு எனக்குத் தெரியாத பல கடைகள்வரை போகும் என்பதால்தான் அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2019இல் வாங்கிய என் லேப்டாப்பில் எட்டாம் தலைமுறை பிராசசரும், விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், குறைந்தபட்சத் தேவையான 4 ஜிபி ரேமும் இருந்தன. தகுதி இருக்கிறதே என்று நவம்பர் 8, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அப்டேட்டைத் தொடங்கினேன். பதினொன்றரை மணிக்கு 61 விழுக்காட்டில் நின்றது; அதன் பிறகு புள்ளிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டால் இன்னும் சிக்கலாகும் என்ற பயத்தில், இரண்டு மணிக்குப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மீண்டும் போட்டபோது, விண்டோஸின் முந்தைய பதிப்பை மீட்பதாக ஒரு வரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை முதலில் போன கடையின் பெயரை எழுத விரும்பவில்லை. லேப்டாப்பைத் திறந்து திரையை ஒரு முறை பார்த்தவுடனே, ஃபார்மட் அடித்துவிடலாம், இரண்டு மணி நேரத்தில் தந்துவிடுகிறோம் என்றார்கள். உள்ளே இருக்கும் கணக்குகள் என்னாகும் என்று கேட்டதற்கு, சி டிரைவில் இருப்பது போய்விடும், மற்றது இருக்கும் என்பதே பதில். என் டாலி கோப்புறை சி டிரைவில்தான் இருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டுச் செய்ய முடியாதா என்று நான் கேட்டபோது, விண்டோஸே வராதபோது எப்படி எடுப்பது என்று எதிர்க்கேள்வி கேட்டார்கள். அந்தப் பதில் தவறு என்பது அன்று மதியமே எனக்குத் தெரிந்தது.

என் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கடையை நடத்தும் தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். அவர் லேப்டாப்பைத் திறக்கும் முன்பே மூன்று கேள்விகள் கேட்டார். அணைப்பதற்கு முன்பு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததா? டிஸ்க்கை பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருக்கிறீர்களா? இதில் உங்களுக்கு இன்றைக்கே வேண்டியது எது? முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த விளக்கை நான் கவனித்ததே இல்லை. விழுக்காட்டு எண் நகராவிட்டாலும் அந்த விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள் என்றும், பழைய ஹார்டு டிஸ்க்கில் இத்தகைய பெரிய அப்டேட் விடிய விடிய ஓடுவதும் உண்டு என்றும் அவர் விளக்கினார். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எந்தக் கோப்பையும் வெளியே எடுக்க முடியாது என்பதால் இரண்டாவது கேள்வியாம். நான் போட்டிருக்கவில்லை. மூன்றாவது கேள்விக்கு, டாலி என்று ஒரே சொல்லில் பதில் சொன்னேன்.

அதன்பின் அவர் லேப்டாப்பைப் போட்டுவிட்டு, இடது உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் போல, ஆனால் ஒழுங்கில்லாமல், டிக்... டிக் டிக்... என்று ஒரு சத்தம் உள்ளே கேட்டது. “அக்கா, இப்ப எதையும் அழிக்க வேண்டாம், திரும்பத் திரும்ப ஆன் பண்ணவும் வேண்டாம். முதல்ல உங்க கணக்கை வெளியே எடுத்துடுவோம், அப்புறம் இதைப் பார்ப்போம்” என்றார். அந்த இரண்டு நாளில் நான் கேட்ட முதல் நல்ல சொல் அதுதான்.

கடற்கரை ஓரத்தில் குடியிருப்பவர்கள் வீட்டில் இரும்பு எதுவும் தப்பாது. என் லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகுகளும் உப்புக்காற்றில் பழுப்பேறிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் அவசரப்பட்டு ஒரு திருகையும் வழுக்கவிடவில்லை. பல்குத்தும் குச்சியின் நுனியில் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு துளி வைத்து, ஊற விட்டு, பிறகு சரியான அளவு ஸ்குரூ டிரைவரை அழுத்திப் பிடித்துச் சிறிது முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றினார். இதற்கு மட்டும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த நிதானத்தைப் பார்த்த பிறகுதான் கணினியை அங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஹார்டு டிஸ்க்கைத் தனியே கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பு வழியாகக் கடையின் கணினியில் பொருத்தினார். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். நலமாக இருந்தால் நீலமாகத் தெரியும் கட்டம் மஞ்சளாக இருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகள்) எண்ணிக்கையும், கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கையும் தனித்தனி வரிகளில் தெரிந்தன. இரண்டுமே சுழியமாக இருக்க வேண்டியவை. என் டிஸ்க்கில் இரண்டும் சுழியமாக இல்லை. விண்டோஸின் நிறுவல் பதிவேடு ‘பேந்தர்’ என்ற கோப்புறையில் இருக்கிறது. அதையும் அவர் திறந்து பார்த்தார். புதிய விண்டோஸ் தன் கோப்புகளை எழுதிக்கொண்டிருந்தபோது டிஸ்க் பதில் தராமல் நின்றிருக்கிறது. நான் அணைத்தபின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப முயன்றபோது, பழைய கோப்புகள் கிடந்த இடத்தையும் அது படிக்க முடியாமல் தடுமாறியிருக்கிறது. ஆகவே அப்டேட்டிலோ விண்டோஸிலோ குறை இல்லை. ஆறு வருடம் உழைத்துத் தேய்ந்த டிஸ்க், ஒரே இரவில் இவ்வளவு எழுதவும் படிக்கவும் தாங்கவில்லை. முதல் கடையில் அந்த டிஸ்க்கையே ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டிருந்தால், என் கணக்குகளும் போயிருக்கும், சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடியும் நின்றிருக்கும்.

டாலியின் கோப்புறைக்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்புறை இருக்கும். அந்தப் பதினான்கையும் முதலில் நகலெடுத்து, கடையின் கணினியில் டாலியை, உரிமம் இல்லாமலே இயங்கும் கல்வி முறையில் இயக்கி, ஒவ்வொன்றையும் திறந்து என்னிடம் காட்டினார். பதின்மூன்று திறந்தன. நெல்லிக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கு மட்டும் திறக்கவில்லை. அதன் ஒரு கோப்பு கெட்ட செக்டாரின் மேல் இருந்தது. அதை மூடி மறைக்காமல் அப்போதே சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தக் கணக்கின் அக்டோபர் 22ஆம் தேதி பேக்கப் என் பென் டிரைவில் இருந்ததால், மீதி ஒன்பது நாள் பில்களை அன்றிரவு உட்கார்ந்து மறுபடி பதிந்தேன். திங்கள் மாலை ஆறு மணிக்கே கணக்குகள் என் கையில் வந்துவிட்டதால், புதுப்பாளையத்தில் இதே தொழில் செய்யும் தோழியின் கணினியிலிருந்து செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குள் பதினான்கு படிவங்களையும் தாக்கல் செய்து முடித்தேன்.

லேப்டாப் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் பிரதி எடுத்திருக்கிறார். படிக்க முடிந்த பகுதிகளையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவது அதன் முறை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அதுவே ஏற்றது. அந்தப் பிரதியை அதே அளவுள்ள, சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி லேப்டாப்பில் பொருத்தியதும், இரண்டு நாள் அசையாமல் நின்ற அதே மீட்பு தானாகத் தொடர்ந்து, விண்டோஸ் 10 என் பழைய முகப்புப் படத்தோடு வந்து நின்றதாம். டி.ஐ.எஸ்.எம்., எஸ்.எஃப்.சி. ஆகிய இரண்டு கட்டளைகளைக் கொடுத்துப் பழுதான சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்து, சி டிரைவில் இடத்தைக் கூட்டி, விண்டோஸ் 11 அப்டேட்டை என் கண்ணெதிரிலேயே மறுபடியும் ஓட்டினார். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. 61ஐ அது தாண்டியபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

ரேமை 8 ஜிபியாக உயர்த்திக்கொள்வது நல்லது என்றார், கட்டாயப்படுத்தவில்லை. நான் உயர்த்திக்கொண்டேன். இப்போது டாலி திறக்கும் வேகம் முன்பைவிட மிக நன்றாக இருக்கிறது.

கூலி 1,200 ரூபாய். எஸ்.எஸ்.டி.க்கு இணையத்தில் நான் பார்த்த விலையைவிட 250 ரூபாய் கூடுதலாக வாங்கினார். ஆனால் பெட்டியோடு தந்து, பில்லில் அதன் தொடர் எண்ணையும் எழுதிக் கொடுத்ததால் அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. குறை என்றால் வேறு இரண்டு உண்டு. புதன்கிழமை தருவதாகச் சொன்னவர் வெள்ளிக்கிழமைதான் தந்தார். பிரதி எடுக்க ஒன்றரை நாள் ஆகிவிட்டது என்ற காரணம் நியாயமானதே. ஆனால் அதை அவரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் நான்கு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை, நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். இன்னொன்று, மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது. காத்திருக்க ஒரே ஒரு நாற்காலிதான். வயதானவர்கள் கணினியை யாரிடமாவது கொடுத்தனுப்புவது நல்லது.

வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் சொல்லித் தந்த இரண்டு செய்திகள் கணக்கு எழுதும் எல்லோருக்கும் பயன்படும். விண்டோஸின் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க நேரப்படி காலையில் வெளியாகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யும் 11ஆம் தேதி அதன் நடுவில் நிற்கிறது. ஆகவே மாதத்தின் முதல் வாரத்திலேயே விண்டோஸின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் அப்டேட்டை ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ நிறுத்தி வைத்துவிட்டு, தாக்கல் முடிந்ததும் அன்றே ஓட விட வேண்டும். ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டாவது, விண்டோஸ் 10இல் இருப்பவர்கள் என்னைப் போல் அவசரப்பட வேண்டியதில்லை. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதற்குள் டிஸ்க்கின் நிலையைப் பார்த்து, பேக்கப் எடுத்துவிட்டு, நிதானமாக மாறலாம்.

பழைய ஹார்டு டிஸ்க்கை நான் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். என் வாடிக்கையாளர்கள் பதினான்கு பேரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரங்களும் அதில் இருக்கின்றன. கெட்டுப்போனதுதானே என்று கடையில் வைத்துக்கொள்ளவோ பழைய சாமான்காரரிடம் போடவோ கூடாத பொருள் அது. உறையின் மேல் மார்க்கர் பேனாவால் தேதியும், ‘பழுது, இனி இதில் எழுத வேண்டாம்’ என்றும் எழுதியிருந்தார். அவர் எடுத்து வைத்திருந்த பிரதியையும், லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் பார்த்துச் சொன்ன பிறகு, என் முன்னாலேயே அழித்துக் காட்டினார்.