நியூசிலாந்து கேம்பர்வேன் பயணம்: இந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தென்தீவு கேம்பர்வேன் (படுக்கை, சமையல் வசதியுள்ள வேன்) திட்டம் என்று இங்கே சிங்கப்பூரில் ஒரு பயண முகவர் விற்கிறார். வாங்கிய குடும்பங்கள் பட்ட பாடு போதும்.

அவர் தரும் தாளில் முதல் நாள் இப்படி இருக்கிறது: "கிறைஸ்ட்சர்ச் – குவீன்ஸ்டவுன், 480 கி.மீ., 6 மணி நேரம். இரவு: ஏரிக்கரை. தங்கும் கட்டணம் உட்பட."

அந்த 6 மணி நேரம், வரைபடச் செயலி காருக்குச் சொல்வது. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வேனுக்கு அங்கே வேக வரம்பே 90 கி.மீ.தான். ஏற்றத்தில் அதுவும் வராது. வேனை எடுக்கும் இடத்தில் கேஸ், தண்ணீர், கழிவுத் தொட்டி எல்லாம் விளக்கிக் கையெழுத்து வாங்கவே ஒரு மணி நேரம் ஆகும். பிறகு சாமான் வாங்க வேண்டும். கிளம்ப மதியம் தாண்டிவிடும், ஜூனில் 5 மணிவாக்கில் இருட்டிவிடும். வழியிலுள்ள லின்டிஸ் மலைக் கணவாயில் ஏறும்போது கும்மிருட்டு, சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். நம் பிஐஇ விரைவுச்சாலை மொத்தமே 43 கி.மீ.தான், அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இதில் இறங்குவது ஆபத்து.

குளிர்காலத்தில் நாளுக்கு 200 முதல் 250 கி.மீ. போதும். செயலி காட்டும் நேரத்தோடு கால்வாசி கூட்டுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 20 நிமிட ஓய்வையும் சேருங்கள். மாலை 4 மணிக்குள் போய்ச் சேரும்படி பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வேன் எடுத்த அன்று கிறைஸ்ட்சர்ச்சிலேயே தங்கிவிடுங்கள். மறுநாள் டெக்காப்போ, அதற்கடுத்த நாள் குவீன்ஸ்டவுன்.

மில்ஃபர்ட் சவுண்டுக்குக் குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரு வழியே ஏறத்தாழ 290 கி.மீ. ஒரே நாளில் போய்வரலாம் என்று தாளில் போட்டிருப்பது பொறுப்பற்ற வேலை. வழியிலுள்ள டே ஆனா ஊரில் இரவு தங்கி, அங்கேயே டீசல் நிரப்பி, பனியில் வழுக்காமலிருக்க மாட்டும் சக்கரச் சங்கிலியோடு காலையில் கிளம்புங்கள்.

"ஏரிக்கரை" என்பதுதான் பெரிய ஏமாற்று. பணம் வாங்கிக்கொண்டு எந்த முகாமிலும் இடம் பதிவு செய்யவில்லை. பல கரைகளில் கழிவைத் தனக்குள்ளேயே தேக்கிக்கொள்ளும் சான்று பெற்ற வேன் மட்டுமே இரவில் நிற்கலாம். 2023 சட்டப்படி அச்சான்றுக்கு நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும். இவர் ஏற்பாடு செய்த வேன்களில் இருந்ததோ தூக்கி வைக்கும் கழிப்பறை. 400 நியூசிலாந்து வெள்ளி அபராதமும், வாடகை நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் கடன் அட்டையில் ஏறின. மின் இணைப்பில்லாத இடத்தில் மின்சூடேற்றி வேலை செய்யாது. குழந்தைகள் குளிரில் நடுங்கினார்கள்.

யாரிடம் வாங்கினாலும் ஒவ்வோர் இரவுக்கும் முகாமின் பெயர், பதிவு எண், மின் இணைப்பு உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். முகாமுக்கே மின்னஞ்சல் அனுப்பிச் சரிபாருங்கள். முகவருக்கு உரிமம் உண்டா என்று பயணத்துறைக் கழகத்தின் பட்டியலிலும் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விலைப்பட்டியல், பணம் கட்டிய ரசீது, அபராத அறிவிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். அங்கே முடியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தாக வேண்டும்.