கூட்டு மனுவா, குற்றம் சாட்டும் மனுவா?

மூன்று வருடத்துக்கு முன் என் லாயர், என் கணவர் மீது குற்றம் சாட்டும் விவாகரத்து மனு ஒன்றை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டது, கணவனும் மனைவியும் சேர்ந்து போடும் கூட்டு மனுவில். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிகிறவர்கள் கூட்டு மனுவே போடுங்கள்.

மலேசியாவில் இஸ்லாமியர் அல்லாதவர்களின் விவாகரத்துக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம்தான். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் பொதுவாகக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் முதலில் இடைக்கால ஆணை தரும், மூன்று மாதம் கழித்து அது இறுதியாகும். கூட்டு மனுவுக்கு இருவரின் மனமார்ந்த சம்மதமும், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சரியான ஏற்பாடும் போதும். ஒருவர் மட்டும் போடும் மனு என்றால், முதலில் பதிவு இலாகாவில் சமரசக் குழு. பிறகு கல்யாணம் முறிந்துவிட்டது என்று காட்ட கள்ள உறவு, சகிக்க முடியாத நடத்தை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்தது ஆகியவற்றில் ஒன்று வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது காலமோ செலவோ இல்லை, காகிதத்தில் எழுதப்படும் வார்த்தைகள். லாயர் எழுதிய வரைவில் பதினான்காவது பத்தியில், ஒரு தீபாவளிக்கு என் கணவர் வீட்டுக்கே வரவில்லை என்று இருந்தது. உண்மைதான். ஆனால் அதே வருடம் நான் அவர் அம்மாவோடு நான்கு மாதம் பேசவில்லை. அது அவருடைய பதிலில் வந்திருக்கும். நான் இன்னொன்று எழுதுவேன், அவர் இன்னொன்று. மேசையின் மறுமுனையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். அவள் பெரியவளாகிப் படித்தால் அது அவளுடைய அப்பாவைப் பற்றிய பட்டியல். இன்று பள்ளி வாசலில் நாங்கள் இருவரும் நின்று பேச முடிகிறது. அந்த மனு போயிருந்தால் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடிபட்டு, மிரட்டப்பட்டு வெளியே வரும் பெண்ணுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அந்த வாழ்க்கையை நான் வாழவில்லை. நடந்ததை நீதிபதி கேட்க வேண்டும் என்று அவள் விரும்பினால் அது அவளுடைய உரிமை. ஜீவனாம்சத்தைத் தீர்மானிக்கும்போதும் முறிவுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதை நீதிமன்றம் கவனிக்கிறது.

கூட்டு மனுவின் பெரிய ஓட்டை, எதிர்த் தரப்பு கையெழுத்துப் போடாவிட்டால் கதவு மூடிவிடும் என்பது. சட்டத்தைத் திருத்த வேண்டிய இடமும் இதுதான். நம் சட்டத்தின் அந்த நான்கு காரணங்களும் பழைய இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றியவை. இங்கிலாந்தே 2022 ஏப்ரல் 6 முதல் குற்றம் சாட்டுவதை விட்டுவிட்டது. அங்கே ஒருவர் தனியாகவே 'முறிந்துவிட்டது' என்று சொல்லி மனு போட்டு, இருபது வாரம் காத்திருந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சிங்கப்பூரும் 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர ஒப்புதலைத் தனி வழியாகச் சேர்த்தது. நம்மிடம் ஒப்புதல் வழி முதலிலிருந்தே உண்டு. இல்லாதது, சம்மதிக்காத துணையிடமிருந்து சேறு பூசாமல் விலகும் வழி.

இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்தால் போதுமே என்பார்கள். கோலாலம்பூரில் இரண்டு வாடகை யார் கட்டுவது? என்னோடு வேலை செய்யும் அக்காவின் கணவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை எடுத்து, நாள்காட்டியில் மாதங்களை அடித்துக்கொண்டு வருகிறார். இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.