சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் டார்ச்

பழைய கார் வாங்கப் போகிறவர்களோடு போய் வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் எனக்குப் பிழைப்பு. கோயம்புத்தூரில் பதினோரு வருடமாகச் செய்கிறேன். அதற்கு முன்னால் எட்டு வருடம் டிங்கரிங் பட்டறையில் சுத்தியல் பிடித்தேன். பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், தரையில் விரித்துப் படுக்க ஒரு பழைய ஃபிளெக்ஸ் துண்டு, ஒரு டார்ச். என் பையில் இவ்வளவுதான் இருக்கும். மீட்டர் இல்லாத நாளில்கூடச் சமாளிக்கலாம். விரலால் தட்டினாலே, பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்ட இடம் சொல்லிவிடும். டார்ச் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அப்படிப்பட்ட சாமானை நான் வருடக்கணக்கில் கண்ணில் பட்டதை எடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சிவப்பு ஸ்விஃப்ட்டில் கோட்டை விட்ட பிறகுதான் புத்தி வந்தது.

பீளமேட்டில் ஒரு அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்ட் பார்க்கிங், மாலை ஏழு மணி. அன்றைக்கென்று பார்த்து மீட்டரில் பேட்டரி இல்லை. கையில் இருந்தது முன்பக்கத்தை இழுத்தால் வெளிச்சம் குவியும் ஜூம் டார்ச். விலை 450 ரூபாய், அட்டையில் 10,000 லூமன் வெளிச்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வண்டியைச் சுற்றிச் சுற்றி அடித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே சிவப்பு. “ஒரிஜினல் பெயிண்ட்தானுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது. “அண்ணா, வெயில்ல நிறுத்திப் பாத்தேனுங்க. முன்கதவு ஒரு செவப்பு, பின்கதவு ஒரு செவப்பா இருக்குதுங்க.” போனேன். பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்தது. பின்கதவும், அதை ஒட்டிப் பின்சக்கரத்துக்கு மேலே வரும் குவார்ட்டர் பேனலும் பட்டி பார்த்து அடித்தவை. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். அது இன்னும் கூச்சமாகப் போய்விட்டது.

வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உள்ளே நீல எல்இடிதான். மேலே பூசியிருக்கும் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக்கித் தருகிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. மலிவான எல்இடியில் இந்தக் கலவையில் சிவப்பு ரொம்பக் குறைவு. வெளிச்சத்திலேயே சிவப்பு இல்லையென்றால் இரண்டு சிவப்புக்கு நடுவே வித்தியாசம் எப்படித் தெரியும்? இதைச் சொல்லத்தான் சிஆர்ஐ என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். 100 என்றால் பகலில் பார்ப்பது போல. சாதாரண டார்ச்சுகள் 70 பக்கத்தில் நிற்கும். அட்டையில் சிஆர்ஐ போடவே இல்லையென்றால் 70 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அடர்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது, அதற்கு ஆர்9 என்று தனி எண். சிஆர்ஐ 80 என்று போட்ட எல்இடியில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். வண்டி பார்க்கிறவனுக்கு வேண்டியது அந்த ஒன்பதாவதுதான்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் 2,800 ரூபாய் கொடுத்து வாங்கியதுதான் இப்போது கையில் இருப்பது. பிராண்டை விட உள்ளே இருக்கும் எல்இடியைப் பார்த்துத்தான் வாங்கினேன்: நிச்சியா கம்பெனியின் 519ஏ, வெளிச்சத்தின் சாயல் 4500 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல். சாம்சங்கின் எல்எச்351டியில் சிஆர்ஐ 90 வகை போட்டதும் இந்த வேலைக்கு ஆகும். 18650 என்ற அளவில் ஒற்றை ரீசார்ஜ் செல், பக்கத்தில் யூஎஸ்பி-சி, வாலில் காந்தம், கண்ணாடி லென்ஸ். முதல் நாள் ராத்திரி சுவரில் அடித்துக் காட்டினேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, “டீத்தண்ணியாட்ட இருக்குது, இதுக்கா இவ்வளவு காசு?” என்றாள். பழைய ஜூம் டார்ச்சின் நீலம் பாய்ந்த வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் இருக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்தால்தான் அருமை தெரியும். ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி. ரேடியேட்டர் பக்கம் போகிற குழாயின் இணைப்பில், புழுதி அப்பிய இடத்தில், மிளகு அளவு ஒரு ஈரம். பழைய டார்ச்சில் அடித்தேன், எல்லாம் ஒரே பழுப்பு. புதியதில் அந்த ஈரம் மட்டும் மாதுளைச் சாறு போலச் சிவந்து நின்றது. கியர் ஆயில். டிஷ்யூவால் தொட்டு எடுத்து வாங்குகிறவரிடம் காட்டினேன், பேரம் அந்த இடத்திலேயே திரும்பியது. என்ஜின் ஆயில் கறுப்பு, கூலன்ட் பச்சையோ இளஞ்சிவப்போ, பிரேக் ஆயில் தேன் நிறம். ஒழுகுவது எது என்று நிறம்தான் சொல்லும், அந்த நிறத்தைச் சொல்ல வேண்டியது டார்ச்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படித்தான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு அப்புறமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அப்புறமும், நன்றாகக் கழுவி வாசனை அடித்த வண்டிகள் சில இந்தப் பக்கம் வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து விடுங்கள், தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் போல்ட்டைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருப்பது செம்மண்ணா துருவா என்பதுதான் கேள்வி. ஜூம் டார்ச்சில் இரண்டும் ஒன்று. இதில் துரு ஆரஞ்சு அடிக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் கனெக்டர் முனையில் பச்சை பூத்திருப்பதும் தெரியும்.

சரி, லூமன். நான் வேலை பார்ப்பது 100, 150 லூமனில். அடியில் படுத்தால் 300, 400. அதற்கு மேல் போனால் ஒரு அடி தூரத்தில், பெயிண்ட்டின் மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சான கிளியர்கோட் கண்ணில் திருப்பி அடிக்கும், கண் சுருங்கி, பார்க்க வேண்டியது இருட்டாகிவிடும். பெயிண்ட்டைப் பார்க்க டார்ச்சை நேராக அடிக்கவே கூடாது. கதவோடு கதவாகப் படுக்க வைத்து, வெளிச்சம் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி பிடிக்க வேண்டும். சாண்ட்பேப்பர் கீறல், சின்ன அமுங்கல், பட்டியின் விளிம்பு எல்லாம் நிழல் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். வெளிச்சம் நடுவில் பொட்டு மாதிரி குவியாமல் பரவலாக விழுவது முக்கியம். அதற்காகத்தான் ரிஃப்ளெக்டரைச் சொரசொரப்பாகச் செய்கிறார்கள். அதற்குப் பெயர் ஆரஞ்சு பீல். பட்டறையில் மோசமாக அடித்த பெயிண்ட்டை நாங்கள் திட்டுவதும் அதே பெயரில்தான்! ஒரு ஆரஞ்சுத் தோலைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆரஞ்சுத் தோல்.

அட்டையில் 1,200 லூமன், 30 மணி நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கிடையாது. டர்போ என்கிற உச்ச வெளிச்சத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் உடம்பு சுட்டு, வெளிச்சம் தானாக இறங்கிவிடும். நேரக் கணக்கும் வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எடுப்பது. ஆகவே நடு மோடில் எத்தனை மணி என்று மட்டும் பாருங்கள்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். குறைந்த வெளிச்சத்தில் வைத்து, முன்னால் விரல்களை வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் துண்டு துண்டாக, நிறையத் தெரிந்தால் அந்த டார்ச் படபடவென்று அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. ஓடுகிற என்ஜினில் அது ஆபத்து. சுற்றுகிற ஃபேன் நின்றது போலத் தோன்றும், கையை விட்டுவிடுவோம்.

வால் காந்தம் இருந்தால் இரண்டு கையும் நமக்கு. பானட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் ஒட்டாது என்பது தெரிந்ததே. நான் இதை வேறொன்றுக்கும் வைத்துக்கொள்கிறேன். கர்ச்சீப்பைப் போட்டு, வாலைத் தகட்டில் வைத்து மெல்ல நகர்த்துவேன். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடி விட்டுவிடும். மீட்டர் செத்த அன்றைக்கு இது இருந்திருந்தால்! அதே காந்தம் பட்டறைத் தரையில் கிடக்கிற இரும்புத்தூளையெல்லாம் மீசை மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும். செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தால் போய்விடும். அதனாலேயே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜிங் வயர் உள்ள டார்ச் எனக்கு வேண்டாம். தூள் நேராக அந்த முனையில் போய் உட்காரும். வயர் தொலைந்தாலும் வேறு வயர் சேராது.

யூஎஸ்பி-சி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் சி இருக்கும் வயரைப் போட்டால் சில டார்ச் சார்ஜே ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைச் சிக்கனம் பிடித்திருப்பார்கள். ஒரு பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி உள்ள வயரில் ஏறும். டார்ச் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடும் முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

செல் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 18650 என்பது அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. அந்த உடம்புக்குள் 3,500 எம்ஏஎச் கொள்ளளவு சுற்றித்தான் நல்ல கம்பெனிகளே அடைக்கின்றன. நான் 180 ரூபாய்க்கு வாங்கிய செல்லில் 9,900 என்று போட்டிருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், 29 கிராம். டார்ச்சோடு வந்தது 47 கிராம். நல்ல செல் 45 கிராமுக்குக் கீழே பெரும்பாலும் வராது. பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் கொஞ்சம் நீளம், சில டார்ச்சில் மூடி மூடாது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் செய்யாதவர்கள்தான் அதிகம். டார்ச் மினுக்கினால் எல்இடி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வால் மூடியைக் கழற்றி மரையைப் பாருங்கள், கறுப்பாகப் பிசின் மாதிரி இருக்கும். அலுமினியத் தூளும் பழைய கிரீஸும் சேர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இயர்பட்ஸை நனைத்துத் துடைத்து, மரை விளிம்பையும் செல்லின் முனையையும் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிகோன் கிரீஸ், அதுவும் விரலில் பூசித் துடைத்த அளவு. என்னிடம் வேலைக்கு இருக்கும் பையன் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தான். மார்கழியில் அது உறைந்து, புழுதி சேர்ந்து, மூடியைத் திருக இரண்டு பேர் வேண்டியதாயிற்று. “தம்பி, தலைக்குப் போடறதை டார்ச்சுக்குப் போடாதே” என்று சொல்லி வைத்திருக்கிறேன். தின்னரும் கூடாது. பட்டறைப் பழக்கத்தில் எதைக் கண்டாலும் தின்னர் துணியால் துடைப்போம். பிளாஸ்டிக் லென்ஸ் உள்ள டார்ச் ஒன்றை நானே அப்படிப் பால் வெள்ளையாக்கியிருக்கிறேன்.

பையில் போடும்போது வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள், பெரும்பாலான டார்ச்சில் கரண்ட் துண்டிக்கப்பட்டுவிடும். இதைச் செய்யாத ஒரு நாள் பைக்குள் ஸ்விட்ச் அழுந்தி, டார்ச் டர்போவில் எரிந்திருக்கிறது. உக்கடத்தில் ஏறி சிங்காநல்லூர் போவதற்குள் ஸ்கேனர் வயரின் தோல் இளகி வாசம் வந்துவிட்டது. சித்திரை வெயிலில் காருக்குள் டார்ச்சை விட்டுப் போவதும் செல்லுக்கு ஆகாது. சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். பெட்ரோல் வாசம் அடிக்கும் இடத்தில் எந்த டார்ச்சையும் தட்டாமல் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். டேங்குக்குள் இறங்குகிற வேலைக்காரர்களுக்கு பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் சான்று பெற்ற தனி விளக்கு இருக்கிறது. அது வேறு வகை, வேறு விலை.

என் டார்ச்சில் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளிப் ஆறாவது மாதம் வளைந்துவிட்டது. ஸ்விட்ச் உடம்போடு ஒட்டி வழவழவென்று இருப்பதால் கையுறையோடு இருட்டில் தடவித் தேட வேண்டும். ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்து மேடு பண்ணிக்கொண்டேன். சார்ஜிங் துளையை மூடும் ரப்பர் ஒன்றரை வருடத்தில் கிழிந்து போனது. இப்போது துளைக்கு மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வளையத்தை மாட்டி, செல்லை மட்டும் வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போடுகிறேன். மற்றபடி இந்த எல்இடி கடையில் கிடைக்கும் வரை இதையேதான் வாங்குவேன்.

ஜூம் டார்ச் வீணாகவில்லை. பையனின் பாட்டி வாங்கிக்கொண்டார். கரண்ட் போனால் தென்னை மரத்து உச்சி வரை அடிக்குதாம், அப்படியொரு சந்தோஷம்.