எண்ணைக் கொடுக்காமலும் பேசலாம்: சிக்னல் செயலி பற்றி ஒரு களப்பணியாளர்

வாட்ஸ்அப் போலச் செய்தி அனுப்பவும் பேசவும் உதவும் சிக்னல் செயலிக்குத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் எழுதிய விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. என் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. கருத்தடை பற்றியும் கருக்கலைப்பு பற்றியும் பொதுவில் பேசுகிற ஒரு பெண், உதவி கேட்டு வருகிறவர்களுக்கு எப்போதும் கிடைக்க வேண்டும். மிரட்ட வருகிறவர்களுக்குக் கிடைக்கக் கூடாது. இந்தச் செயலியால் அது முடிகிறதா? பல வருடங்களாகத் தினமும் பயன்படுத்துகிறேன். அந்த ஒரு கோணத்தில் மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் தொலைபேசி எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரச்சாரம் தொடங்கிய நாட்களில் துண்டறிக்கையின் அடியில் அச்சானது என் சொந்த எண்தான். அலுவலக எண் என்றால் தயங்குகிறவர்கள், எடுத்துப் பேசப் போவது ஒரு பெண் என்று தெரிந்தால் அழைப்பார்கள். அப்படித்தான் அழைத்தார்கள். காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனம் வைத்துக்கொள்ளப் போன இடத்தில் "புருஷனைக் கூட்டிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர். கருக்கலைப்பு மாத்திரை சாப்பிட்டுவிட்டு, ரத்தம் இவ்வளவு போகலாமா என்று குளியலறைக்குள் இருந்தபடி கிசுகிசுத்த பெண். (தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின்களுக்கு மேல் நனைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.) அந்தக் குரல்களை நினைத்தால், எண்ணைக் கொடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் தோன்றுகிறது.

அதே எண்ணுக்கு மற்றவர்களும் வந்தார்கள். நள்ளிரவில் அழைத்து ஒன்றும் பேசாமல் இருக்கிறவர்கள். "கொலைகாரி" என்று மட்டும் எழுதுகிறவர்கள். என் முகத்தை வெட்டி ஒட்டிய ஆபாசப் படங்கள். ஒருநாள் ஒருவன் என் அக்கா மகள் படிக்கும் பள்ளியின் பெயரை அனுப்பினான். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அதன்பிறகு அக்கா என்னை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதனால்தான் இன்னும் வலிக்கிறது. எண்ணை மாற்றிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்றினால், பழைய துண்டறிக்கையை மடித்துப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிற பெண் யாரை அழைப்பாள்?

சிக்னலில் 2024 பிப்ரவரியில் பயனர்பெயர் வசதி வந்தது. எனக்கு இந்தச் செயலியின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு பெயரும், அதன் பின்னால் குறைந்தது இரண்டு இலக்கங்களும் வைத்துக்கொள்ளலாம். புதிய துண்டறிக்கையில் அந்தப் பெயரும் ஒரு க்யூஆர் கோடும்தான் இருக்கின்றன. ஸ்கேன் செய்து எழுதுகிறவருக்கு என் எண் தெரியாது, அவருடைய எண்ணும் எனக்குத் தெரியாது. இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். தன் எண் என்னிடம் இல்லை என்று தெரிந்ததும் சிலர் இன்னும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். தொல்லை அதிகமானால் பயனர்பெயரை மாற்றிவிடலாம். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களுடைய உரையாடல் அறுபடாது.

செயலியின் ஒரு அமைப்பை (செட்டிங்) மட்டும் நீங்களே போய் மாற்ற வேண்டும். உங்கள் எண்ணை யார் பார்க்கலாம் என்பது தானாகவே "யாருமில்லை" என்று இருக்கும். எண்ணை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம் என்பது அப்படி இல்லை, "எல்லோரும்" என்று இருக்கும். என்னைப் போல எண் ஏற்கெனவே வெளியே போய்விட்டவர்கள் அதையும் "யாருமில்லை" ஆக்கிவிட வேண்டும். இது தெரியாமல் பாதிப் பாதுகாப்போடு இருக்கிற தோழிகள் எனக்கு உண்டு.

அப்புறம், அறிமுகமில்லாதவர் எழுதினால் அது முதலில் ஒரு வேண்டுகோளாகத்தான் வந்து நிற்கும். நான் ஏற்றுக்கொள்ளும்வரை, படித்தேனா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. சின்ன விஷயம்தான். ஆனால் வசைபாடுகிறவனுக்கு வேண்டியதே நான் படித்துவிட்டேன் என்ற உறுதிதானே. அறிவிப்பில் பெயரும் செய்தியும் தெரியாதபடி வைத்துக்கொள்ளலாம் என்பதால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தாலும் இப்போது எனக்குப் பதற்றம் இல்லை.

இதுவரை சொன்னது என் பாதுகாப்பு. என்னை நம்பி எழுதுகிறவர்களின் பாதுகாப்பு அதைவிடப் பெரியது. 2022-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒரு தாயும் 17 வயது மகளும் கருக்கலைப்பு மாத்திரை பற்றி ஃபேஸ்புக் மெசஞ்சரில் பேசியதைக் காவல்துறை நீதிமன்ற ஆணையோடு கேட்டு வாங்கியது. அந்த உரையாடல் வழக்கில் சாட்சியமானது. அடுத்த ஆண்டு இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு என் போனில் இருந்த உரையாடல்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். எத்தனை பேருடைய கடைசி மாதவிடாய்த் தேதி, எத்தனை பேருடைய ஸ்கேன் படம்!

சிக்னலில் எல்லா உரையாடலும் முழு மறையாக்கத்தோடுதான் நடக்கிறது, அதாவது பேசுகிறவர்களைத் தவிர சிக்னல் நிறுவனம்கூடப் படிக்க முடியாது. தனியாக எதையும் இயக்க வேண்டியதில்லை. 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகத் தகவல் கேட்டு அவர்களுக்கு ஆணை வந்தபோது, கொடுக்க முடிந்தவை இரண்டுதான்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நேரம். கையில் இல்லாததை யாரும் பிடுங்க முடியாது. குறித்த நேரத்தில் தானாக அழிந்துவிடும் மறையும் செய்திகளுக்கு நேரத்தை நான்கு வாரம்வரை நாமே வைக்கலாம், புதிய உரையாடல் எல்லாவற்றுக்கும் பொதுவாகவும் வைக்கலாம். நான் ஒரு வாரம் வைத்திருக்கிறேன். பெறுகிறவர் படித்த பிறகுதான் அவர் பக்கம் நேரம் ஓடத் தொடங்கும் என்பதால், இரண்டு நாள் கழித்துப் போனை எடுக்கிறவருக்கும் பதில் காத்திருக்கும்.

சரி, குறைகள். எதிரில் இருப்பவர் தன் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் செயலியால் ஒன்றும் செய்ய முடியாது. போனே பறிபோய், அதன் பூட்டும் திறக்கப்பட்டுவிட்டால், மறையாமல் மீதி இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். இது கற்பனை பயம் இல்லை. போலந்தில் கருக்கலைப்பு உரிமைக்காக இயங்கும் யுஸ்டினா வித்ஜின்ஸ்கா, கணவரின் வன்முறையில் சிக்கியிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கருக்கலைப்பு மாத்திரை அனுப்பினார். அந்தக் கணவரே காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார். யுஸ்டினாவின் வீடு சோதனையிடப்பட்டது, போன்களும் கணினியும் போயின. 2023 மார்ச்சில் எட்டு மாதச் சமூகசேவைத் தண்டனை. 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. இடையில் போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

என்னை அதிகம் உறுத்துகிற குறை வேறு. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கணவர் கையில் என்று இருக்கிற பெண்ணுக்கு சிக்னல் உதவாது. புதிதாக ஒரு செயலியின் படம் திரையில் தெரிந்தாலே அவளுக்கு அடி விழலாம். அவளிடம் "இதை இறக்கிக்கொள்" என்று சொல்வது ஆபத்து. அதனால் சாதாரண அழைப்புக்கு என்று ஒரு எண்ணை இன்னும் வைத்திருக்கிறோம். இப்போது அது என் எண் இல்லை. ஒரு தனி சிம், தோழிகள் முறை வைத்து எடுக்கிறோம். எடுக்கிறவள் அன்று இரவு தூங்கமாட்டாள் என்பது எங்களுக்குள் தெரிந்த விஷயம், அதனால் மறுநாள் காலை அவளுக்கு யாரும் வேலை வைப்பதில்லை.

எந்தச் செயலியாலும் ஈடுகட்ட முடியாத ஒரு செலவும் இருக்கிறது. கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காக 1877-இல் லண்டனில் நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவோடு அன்னி பெசன்ட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அந்தத் தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் 1878-இல் மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்துக் கணவரிடம் ஒப்படைத்தது. அவருடைய கடவுள் மறுப்போடு அந்த நூலும் காரணமாகச் சொல்லப்பட்டது. வழக்கில் தப்பியவர் பிள்ளையை இழந்தார். அக்கா வீட்டு வாசல்வரை போய்த் திரும்பும் நாட்களில் எனக்கு மேபலின் நினைவு வரும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? தன் எண்ணை இன்னும் எங்கும் அச்சிடாத இளம் தொண்டர்களுக்கு, இன்றைக்கே. செயலிக்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. லாப நோக்கமற்ற அறக்கட்டளை நன்கொடையில் நடத்துகிறது. நிறுவியதும் திரைப்பூட்டு, பதிவுப்பூட்டு (உங்கள் எண்ணில் வேறு யாரும் கணக்கைப் பதிவு செய்யாமல் தடுப்பது), மறையும் செய்தி, நான் மேலே சொன்ன எண் அமைப்பு ஆகிய நான்கையும் முடித்துவிட்டுத்தான் முதல் செய்தியை அனுப்ப வேண்டும். கணக்கு தொடங்க இன்னும் ஒரு தொலைபேசி எண் தேவைப்படுகிறது, அதைத் தவிர்க்க வழியில்லை. ஒரே போனில் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளும் வசதியை அவர்கள் கொடுத்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்: ஒன்று பிரச்சாரத்துக்கு, இன்னொன்று அக்காவோடு பேச.