திருவையாறு பக்கம் நாயை நம்பி விட ஓர் இடம்

போன மாதம் மன்னார்குடியில் அக்கா மகள் கல்யாணம். நான்கு நாள் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம், எங்கள் நாய் செவலையை யாரிடம் விடுவது என்று அலைந்து கடைசியில் திருவையாறு பக்கம் ஓர் அம்மா தன் தோப்பு வீட்டில் நடத்தும் இந்த இடத்தில் விட்டேன். நாளுக்கு 450 ரூபாய்.

போனதும் அவர் கேட்டது தடுப்பூசி அட்டை, அடுத்தது தீனிப் பை. நான் ஆசையாகக் கட்டிக்கொண்டு போயிருந்த திராட்சையை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒண்ணுகூடப் போடாதீங்க தம்பி, கிட்னியைக் கெடுத்துடும். கிஸ்மிஸும் அப்படித்தான்." எத்தனை தின்றால் ஆபத்து என்று நாய்க்கு நாய் மாறுமாம், அதனால் தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள், அது புளியிலும் நிறைய இருக்கிறது. பெருமாள் கோயில் புளியோதரையைச் செவலைக்கு எத்தனை சனிக்கிழமை ஊட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. கிஸ்மிஸ் போட்ட சர்க்கரைப் பொங்கலும் வீட்டில் இனி அதற்குக் கிடையாது.

இங்கே சாயங்காலம் மட்டும் கொஞ்சம் பழம். பூவன் பழம் இரண்டு மூன்று துண்டு, இல்லையென்றால் விதையும் நடுத்தண்டும் நீக்கிய ஆப்பிள், விதை எடுத்த தர்பூசணி. பழமோ பிஸ்கட்டோ, இந்த மாதிரி நொறுக்குத் தீனி எல்லாம் சேர்ந்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. மாம்பழம் என்றால் சதை மட்டும்தான். சப்பிப் போட்ட மாங்கொட்டையை நாய்க்கு எறிவது நம் பக்கத்துப் பழக்கம், ஆனால் அது குடலில் போய் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான்.

ஒரு குறை சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பப்பாளி கூடுதலாகப் போய் செவலைக்குப் பேதி ஆகிவிட்டது. அந்த அம்மாவே போன் செய்து சொன்னார், அன்றைக்குப் பழத்தை நிறுத்திக் குழைந்த சோறு மட்டும் கொடுத்து, இரவு மறுபடி கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னதால்தான் அடுத்த முறையும் இங்கேயே விடலாம் என்று முடிவு செய்தேன்.

முகூர்த்த நாட்களில் இடம் கிடைக்காது, பத்து நாள் முன்பே பேசிவிடுங்கள்.