550 சிசி என்று விற்ற இன்ஜெக்டர்கள்: பழைய மினி கூப்பர் எஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் ஆர்53 என்ற பழைய மாடல் மினி கூப்பர் எஸ் வைத்திருக்கும் நம்மவர்கள் நாலைந்து பேர், "ட்யூன் எங்கே பண்ணினீங்க, எவ்வளவு ஆச்சு?" என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. அந்த வண்டியின் எஞ்சின் பிரித்துப் போட்டுக் கிடந்ததுதான் காரணம். நாலாவது சிலிண்டரின் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிட்டது. இன்ஜெக்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் முனை) மாற்றி, ட்யூன் செய்து (அதற்கேற்ப எஞ்சின் கம்ப்யூட்டரில் அளவுகளை மாற்றி எழுதி), வெறும் ஏழு வாரத்தில். வண்டியை அதே இடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். கராஜின் பெயரை இங்கே போட முடியாது, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் எங்கே போனாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

என் வண்டி 2005 மாடல். 1.6 லிட்டர் ட்ரைடெக் எஞ்சின், அதன்மேல் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. கம்பெனியிலிருந்து வந்தபோது 170 குதிரைத்திறன். முந்தைய உரிமையாளர் 15 சதவீதம் சிறிய புல்லி போட்டிருந்தார். புல்லி சிறியதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், எஞ்சினுக்குள் போகும் காற்று கூடும். கூடின காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும். எக்ஸாஸ்டும் கேம்ஷாஃப்டும் மாற்றிய பிறகு எனக்கு அந்தக் கவலை வந்தது. மேல் ஆர்பிஎம்மில் கம்பெனி இன்ஜெக்டர் போதாது என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு கடினமில்லை. சூப்பர்சார்ஜர் போட்ட பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.6 பவுண்டு எடை பெட்ரோல் குடிக்கும். 220 குதிரைத்திறன் வேண்டுமென்றால் மணிக்கு 132 பவுண்டு. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 33. இன்ஜெக்டர் நூறு சதவீத நேரமும் திறந்தே இருக்கக் கூடாது, 85 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 400 சிசிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றினால் போதும். இதே வண்டியின் ஜான் கூப்பர் வொர்க்ஸ் என்ற 210 குதிரைத்திறன் பதிப்பிலேயே 380 சிசிதான் இருந்தது. நான் கேட்டது 440.

கராஜ்காரர் 550 சிசி போடலாம் என்றார். "பின்னாடி இன்னும் பவர் ஏத்தணும்னா திரும்பச் செலவு பண்ண வேண்டாம் பாருங்க" என்றார். அது தவறான பேச்சு இல்லை. சரியாக அளவிட்டு ஈசியுவில் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) எழுதினால் 550 சிசியிலும் வண்டி அருமையாக ஓடும். நாலு இன்ஜெக்டர் 320 பவுண்டு, ட்யூனும் டைனோவும் (உருளைமேல் வண்டியை ஓட்டிப் பவர் அளப்பது) சேர்த்து 620, ஆக 940 பவுண்டு. முன்பணம் 200 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதியை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அந்த 200 பவுண்டு கார்டில் போனதுதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது.

வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது ஒரு டைனோ தாள் கொடுத்தார்கள். 214 குதிரைத்திறன். பளபளவென்று கோடு ஏறிப்போயிருந்தது. அதில் குதிரைத்திறனும் டார்க்கும் மட்டும்தான் இருந்தன, காற்று-எரிபொருள் விகிதத்தின் கோடு இல்லை. அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை. எண்ணைப் பார்த்த சந்தோஷம். எம்4-இல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த சூப்பர்சார்ஜர் விசில் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வண்டியை வாங்கியவன் நான்.

இரண்டாம் வாரம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி அடாப்டரைப் போனில் இணைத்துப் பார்த்தேன். ஃப்யூவல் ட்ரிம் கூட்டல் 17 சதவீதம் காட்டியது. மேப்பில் (ஈசியுவில் இருக்கும் பெட்ரோல் அட்டவணை) எழுதியிருக்கும் அளவு போதாமல் ஈசியு தானாக 17 சதவீதம் பெட்ரோல் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். நல்ல ட்யூனில் இது பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உடனே கராஜுக்குப் போன் செய்தேன். "புது இன்ஜெக்டர், ஈசியு பழகிக்கிட்டிருக்கு. 500 மைல் ஓட்டுங்க, சரியாயிடும்" என்று பதில் வந்தது. 500 மைல் ஓட்டினேன். 17 பதினெட்டு ஆனது. மறுபடியும் போன் செய்தேன். "என்ஜின் லைட் எரியுதா? இல்லையே? அப்புறம் என்ன?" என்றார்கள்.

நண்பர்களே, இந்தப் பதிலை யாராவது உங்களுக்குச் சொன்னால் வண்டியை அன்றே ஓரமாக நிறுத்திவிடுங்கள். ட்ரிம் இருபத்தைந்தை நெருங்கினால்தான் பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியும். பதினெட்டில் எரியாது. அந்த இடைவெளியில்தான் எஞ்சின் போகிறது.

இடையில் எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனையும் வந்தது. சுத்தமாகப் பாஸ். புகைப் பரிசோதனையில் லாம்ப்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு, 1 என்றால் மிகச் சரி) 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும், இருந்தது. அதைப் பார்த்து நானும் நிம்மதி அடைந்தேன். ஆனால் அந்தப் பரிசோதனை சுமை எதுவும் இல்லாமல், நின்ற இடத்தில், மூவாயிரம் ஆர்பிஎம்முக்குள் நடப்பது. அந்த நிலையில் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கதை வேறு. அந்தச் சாதாரண சென்சாரால் 14.7-க்கு (ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சரியான காற்றின் பங்கு) இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்ல முடியும், எவ்வளவு தூரம் என்று சொல்லத் தெரியாது. அதனால் முழு மிதியில் ஈசியு அதைக் கேட்பதில்லை. மேப்பில் எழுதியதை நம்பி ஊற்றும். மேப் பொய் சொன்னால் எஞ்சினைக் காப்பாற்ற அங்கே ஆள் இல்லை.

ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. மோட்டார்வேயில் ஏறும் சரிவுச் சாலையில் மூன்றாவது கியர், ஆறாயிரத்தைத் தாண்டி முழு மிதி. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். மூன்று நொடிகூட இல்லை. இழுவை போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். இடப்பக்க லேனில் லாரிகள் வந்துகொண்டிருந்தன. எஞ்சின் அத்தோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

வண்டியை இழுத்துக்கொண்டு ஹாரோ பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனின் சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் ட்யூனர் இல்லை, முப்பது வருடமாக எஞ்சின் பிரிப்பவர். முதலில் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினார். நாலாவது ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போலப் பளபளக்கும் புள்ளிகள். "தம்பி, உது அலுமினியம். பிஸ்டன் உருகிப் பறந்திருக்கு" என்றார். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தோம். மூன்று சிலிண்டரில் 12 பார் ஒட்டி, நாலாவதில் 6. காற்றை அழுத்தி விட்டபோது ஆயில் ஊற்றும் மூடி வழியாக உஸ்ஸென்று வந்தது. ரிங் போய்விட்டது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். ப்ரேக் கிளீனர் நனைத்த துணியால் ஒன்றைத் துடைத்தார். மேலே அச்சிட்டிருந்த பாகம் எண் துணியோடு போய்விட்டது. நல்ல தயாரிப்புகளில் எண் பொறிக்கப்பட்டிருக்கும், துடைத்தால் போகாது. மல்டிமீட்டர் வைத்தால் மூன்றில் 12 ஓம், ஒன்றில் 14-க்கு மேல். "உது 550 எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை.

இன்ஜெக்டர் பரிசோதனை மட்டுமே செய்யும் வேறொரு இடத்துக்கு நாலையும் அனுப்பினோம். 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 468, 455, 471, 418 சிசி. நாலாவதின் தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நூல்போல ஒழுகியது. வண்டியில் அது இருந்த இடம் நாலாவது சிலிண்டர்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. இன்ஜெக்டர் ஊற்றும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். 4 பாரில் 550 ஊற்றுவது 3 பாரில் 476தான் ஊற்றும். என்னுடையதில் முதல் மூன்றும் 476-க்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. 4 பார் அளவை அழுத்தம் குறிப்பிடாமல் "550" என்று மட்டும் போட்டு விற்றிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அதை வாங்கிய கராஜ், எந்த அழுத்தத்தில் என்று கேட்காமலே 3 பாருக்கு உரிய எண்ணாக ஈசியுவில் எழுதியிருக்கிறது. வேறொரு ட்யூனர் என் ஈசியுவின் ஃபைலைப் படித்துப் பார்த்து இதை உறுதி செய்தார். ஈசியு கற்றுக்கொண்ட அந்தக் கூட்டல் முழு மிதியில் சேராத மாதிரிதான் ஃபைல் இருந்தது என்றும் சொன்னார். ஏமாற்றினார்களா, தெரியாமல் செய்தார்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 940 பவுண்டு வாங்கியவர் அரை மணி நேரப் பெஞ்ச் பரிசோதனை செய்திருக்க வேண்டும். செய்யாமல் டைனோவில் ஏற்றியதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். நாலின் சராசரி 453. 550 என்று நம்பி எழுதிய மேப்பில் இது 18 சதவீதக் குறைவு. இதை ஈடுகட்ட ஏறத்தாழ 21 சதவீதம் கூட்ட வேண்டும். போனில் ட்ரிம் பதினேழு, பதினெட்டு என்று காட்டியது பெரும்பாலும் இதைத்தான். சூப்பர்சார்ஜர் வண்டியில் முழு மிதியில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 முதல் 12 பங்கு காற்று இருக்க வேண்டும், கூடுதல் பெட்ரோல்தான் சூட்டைத் தணிக்கும். 11.8 என்று நினைத்துக் கொடுத்தது என் எஞ்சினில் 14.3 ஆகியிருக்கிறது. நாலாவது சிலிண்டரில் 15.5. ஆறாயிரம் ஆர்பிஎம்மில், முழு பூஸ்டில், 15.5. எஞ்சின் தட்டுவதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார், ஸ்பார்க் டைமிங்கை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் அது தாங்காது. டைனோவில் ஏற்றியபோது விகிதத்தை எண்ணாகவே அளக்கும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றை எக்ஸாஸ்டில் சொருகியிருந்தால் முதல் ஓட்டத்திலேயே தெரிந்திருக்கும். தாளில் அந்தக் கோடு ஏன் இல்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

இத்தனை அறிக்கையோடும் கராஜுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, "மட்டமான பெட்ரோல் போட்டிருப்பீங்க" என்றார்கள். 99 ஆக்டேன் போட்ட ரசீதெல்லாம் காட்டினேன். "பழைய வண்டி, நாங்க என்ன செய்ய முடியும்" என்றார்கள். ட்யூன் செய்தபோது பதிவான லாக் ஃபைலைக் கேட்டேன். சேமித்து வைப்பதில்லையாம்.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவும் கைகொடுக்கும். வாங்கியதன் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை இருந்தால், முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. பெஞ்ச் அறிக்கை, ஃபைலைப் படித்தவரின் கடிதம், பிஸ்டன் படம், கராஜுக்கு நான் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஐந்து வாரத்தில் 940 பவுண்டு திரும்பி வந்தது. எஞ்சின் சீரமைப்புக்கு ஆன 2,600 பவுண்டைத் தர கராஜ்காரர்கள் இன்னும் மறுக்கிறார்கள்.

உங்களில் யாராவது இன்ஜெக்டர் மாற்றப் போகிறீர்கள் என்றால், போடுவதற்கு முன்னாலேயே நாலுக்கும் தனித்தனி ஃப்ளோ (ஊற்றும் அளவு) அறிக்கை கேளுங்கள். எந்த அழுத்தத்தில் அளந்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நாலுக்கும் இடையில் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்காதீர்கள். பேட்டரி மின்னழுத்தத்துக்கு ஏற்ப இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதத்தின் அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள். ட்யூனர் முழித்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். டைனோ தாளில் காற்று-எரிபொருள் கோடு இல்லாமல் மீதிப் பணம் கொடுக்க வேண்டாம். முடிந்தால் டைனோவில் ஓட்டும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். வண்டி வந்த முதல் வாரம் ட்ரிம்மைப் பாருங்கள். பத்தைத் தாண்டினால் முழுதாக மிதிக்காதீர்கள், யார் என்ன சொன்னாலும். இன்சூரன்ஸுக்கு மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள், நான் சொல்லியிருந்தேன்.

அண்ணன் எஞ்சினைக் கூட்டிக் கொடுத்துவிட்டார். இப்போது 440 சிசி, அறிக்கையோடு வாங்கியது, நாலும் ஒரு சதவீதத்துக்குள். முழு மிதியில் 11.7, ட்ரிம் கூட்டல் 2. பழைய நாலு இன்ஜெக்டர்களும் என்னிடம்தான் இருக்கின்றன. நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். பாகம் எண் துடைத்தால் அழிவதை உங்கள் கையாலேயே செய்து பார்க்கலாம், மூன்றில் இன்னும் எழுத்து மிச்சம் இருக்கிறது. நீதிமன்றம் போவதற்கு முந்தைய கடிதத்தை கராஜுக்கு அனுப்பிப் பதினாலு நாள் கெடு கொடுத்திருக்கிறேன். இன்றோடு ஒன்பது நாள்.